கண்ணாடியில் அக்காவின் கண்

வட்டமான கைக்கண்ணாடி அது, ஓரத் தகரம் துருவேறியிருக்கும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தபோது நானும் அக்காவும் ஒரே அறையில் இருந்தோம். கூடப் பிறந்த அக்கா இல்லை. லாரி ஓட்டிய கணவர் இறந்தபின் பொதட்டூர்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்தவர். அந்தக் கண்ணாடியை என்னைத் தொட விடமாட்டார். தம்ளர், சீப்பு, சோப்பு எல்லாம் தனி. இது என்ன ஆசாரமோ என்று எனக்கு எரிச்சலாக வரும். எச்.ஐ.வி. என்று ஒருநாள் அவரே சொன்னபோதுதான் புரிந்தது. இதிலெல்லாம் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியும் அவருக்குப் பயம் போகவில்லை.

எச்.ஐ.வி.க்கு அரசாங்க மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கீழ் இமையை இழுத்துக் காட்டினார். "இன்னாடி, கண்ணு மஞ்சளா கீதா?"

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் அறையின் குண்டு பல்பில் நல்ல கண்ணுக்கும் அப்படித்தான். வாசலுக்கு இழுத்து வந்து பார்த்தேன். மஞ்சள்தான். வீட்டுக்கார அம்மா ஆந்திர எல்லையில் ஒரு மூலிகைக்காரரிடம் அழைத்துப் போனார். மோரில் கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம். "இங்கிலீசு மருந்து கூடவே கூடாதும்மா" என்று மூலிகைக்காரர் சொன்னாராம். காமாலைக்கு எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதானே! அக்கா எல்லா மாத்திரையையும் நிறுத்தினார். கண் தெளிந்தது. எனக்கும் நிம்மதிதான். ஆனால் கொஞ்ச நாளில் முன்னைவிட மோசமாக மஞ்சள் ஏறி, வயிறு உப்பி, எழுந்திருக்க முடியாமல் படுத்துவிட்டார்.

சென்னை ஆஸ்பத்திரியில் சோதித்தபோது, ஈரலில் ஹெபடைடிஸ் பி என்ற இன்னொரு கிருமியும் இருந்தது தெரிந்தது. "நாங்க குடுத்த மூணு எச்.ஐ.வி. மருந்துல ஒண்ணு ஈரலைக் கெடுத்திருக்கலாம், அதை மட்டும் மாத்தியிருப்போம். இன்னொண்ணு ரெண்டு கிருமியையும் அடக்கி வச்சிருந்தது. அதையும் சேர்த்து நிறுத்திட்டீங்களே!" என்றார் டாக்டரம்மா. பிழைப்பாரா என்று கேட்டேன். புது மாத்திரைகளுக்குச் சீட்டு எழுதி என் கையில் கொடுத்தார்.

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கெடுத்ததும் காத்ததும் ஒரே டப்பாவிலா? முதலில் கண் தெளிந்தது இலையாலா, மாத்திரையை நிறுத்தியதாலா? யார்மேல் கோபப்படுவது? புது மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அக்கா கேட்டார். "இதுல எதுடி காப்பாத்தும், எது கொல்லும்?"

"தெரியலக்கா" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் விழுங்கினார்.

பிழைத்துவிட்டார். இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு கேன்டீனில் சமைக்கிறார், மாத்திரையை ஒருநாளும் விடுவதில்லை. போன வாரம் பார்க்கப் போனபோதும் அதே கண்ணாடியோடு வாசலுக்கு வந்தார். "மஞ்சளா கீதா பாரு." வெள்ளையாகத்தான் தெரிந்தது. ஆனாலும் என் கண்ணை நம்ப முடியாமல் விழித்தேன். அக்கா என்னைப் பக்கத்தில் இழுத்து, கன்னத்தோடு கன்னம் வைத்து, கண்ணாடியைத் தூக்கிப் பிடித்தார்.

"உன்னுது மாறியே கீதாடி?"

அந்தச் சின்ன வட்டத்தில் நாலு கண்கள். எது யாருடையது என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.