வேதமணிக்குக் கை நிற்காத இடம்

வேதமணி எதை வாசித்தாலும் கடைசியில் ஆமென் வந்துவிடும். சபையார் ஆ...மென் என்று இழுக்கும்போது பியானோவில் விழுமே, கனமாய் இரண்டு இழுப்பு, அதுதான். பிறந்தநாள் பாட்டுக்கும் ஆமென், சினிமாப் பாட்டுக்கும் ஆமென். தாணுமாலயன் வீட்டுக் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் கீபோர்டில் அதை இழுத்துவிட்டான். மேடையில் இருந்த பூசாரி திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையோடு கல்யாண அழைப்புகள் நின்றன.

அவன் என்ன செய்வான், பாவம்! செங்கல் என்ற ஊருக்குப் பக்கத்துப் பழைய மிஷன் சபையில் சின்னப் பிராயத்திலேயே பியானோவின் முன் உட்கார்ந்தவன். வார நாளில் மிக்ஸி ரிப்பேர், ஞாயிறு ஆராதனை. கைக்கு வேறு முடிவே தெரியாது.

இப்படிப்பட்டவனிடம்தான் காரோடு ஊர்க்காரி ஜோஸ்னா வந்து மாட்டினாள். துபாய் ஹோட்டலில் ரிசப்ஷன் வேலை, சாயங்காலம் அங்கேயே ஜாஸ் பாட்டு என்று இருந்தவள். ஊருக்குத் திரும்பியதும், இனி அடுத்தவன் பாட்டைத் தொடமாட்டேன் என்று வீம்பு பிடித்தாள். அவள் எழுதிப் பாட, அவன் இசை சேர்த்து வாசிக்க, சபையின் பாரிஷ் ஹாலில் பாட்டுகள் பிறந்தன. சுற்று வட்டாரத்தில் உருப்படியான பியானோ அங்கே இருந்த ஒன்றுதான். கன்வென்ஷன் ஜெபக்கூட்டத்துக்குப் பாட்டுப் பயிற்சி என்று சபைக் கமிட்டிக்குச் சொல்லியிருந்தான். வாய் கூசாமல் சொன்னான்.

ஒருநாள் கமிட்டி செக்ரட்டரி சுவாமிதாஸ் ஜன்னலோரம் வந்தபோது உள்ளே ஜோஸ்னா குழைந்து குழைந்து பாடிக்கொண்டிருந்தாள்:

வாறேன் வாறேன்னு சொன்னவனே
வண்டி மூணு போயாச்சு
வாங்கி வச்ச பழம்பொரிய
நானே தின்னு தீத்தாச்சு

“எலே வேதமணி! இது எந்த கன்வென்ஷனுக்குள்ளதுலே?”

“சாரே... அது... காத்திருப்பப் பத்தியாக்கும்.”

“சபைப் பியானோ கர்த்தருக்குள்ளதாக்கும். பழம்பொரிக்குள்ளது இல்ல. ஞாயித்துக்கிழம ஆராதன முடிஞ்சு கமிட்டிக்கு முன்னால படிச்சுக் காட்டு. சரியில்லேன்னா பியானோவப் பூட்டுவேன்.”

 அந்தப் பியானோ இல்லையென்றால் வேதமணிக்கு மிச்சம் மிக்ஸிகள்தானே!

“கடைசில ஒரு ஆமென் போட்டா பக்திப் பாட்டுன்னு விட்டுருவாவ, ஜோஸ்னா,” என்றான்.

“அண்ணே, பாட்டுல அவன் வரவே இல்ல. இவளுக்க மனசு அந்தரத்துல நிக்கணும். நீங்க ஆமென் போட்டு இவளுக்குக் கல்யாணமே கழிச்சு வச்சிருவீங்க. அது போட்டா நான் பாட்டுப் படிக்கமாட்டேன், கேட்டியளா?”

பியானோ போகும், அல்லது பாட்டுக்காரி போவாள். மனுஷன் அந்த வாரம் முழுக்க மிக்ஸிகளைத் தப்புத் தப்பாய்ப் பூட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை கமிட்டி முன்வரிசையில். சுவாமிதாசின் மனைவி ஞானபாய் பெண்கள் ஐக்கியத்தோடு பக்கத்தில். ஜோஸ்னா பாடினாள். பழம்பொரி வந்தபோது பெண்கள் முந்தானைக்குள் சிரித்தார்கள். கமிட்டியின் முகம் இறுகியது. கடைசி வரி வந்தது. முடிவுக்கு வராமல் அந்தரத்தில் தொங்கும் ஒரு சுரச் சேர்க்கையை அழுத்தினான் வேதமணி. விரல்கள் ஆமெனை நோக்கி ஓடத் துடித்தன. சட்டென்று இரண்டு கைகளையும் எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.

பியானோவின் ஓசை பாதியில் அப்படியே நின்றது. வராத தும்மல் மூக்கில் நிற்குமே, அதுபோல ஹால் முழுக்கத் தவித்தது. ஒருவர் செருமினார். ஒருவர் நாற்காலியில் நெளிந்தார். யாருக்கும் பொறுக்கவில்லை.

“ஆ...”

முன்வரிசை நடுவிலிருந்து கட்டைக் குரல் ஒன்று எழும்பியது. அவ்வளவுதான், மொத்த ஹாலும் அதன் பின்னால் பாய்ந்தது. பெண்கள் மேல் ஸ்தாயியில், ஆண்கள் கீழ் ஸ்தாயியில், நாலு வகைக் குரலும் சேர்ந்து “...மென்!” என்று முழங்கி முடித்தன. ஜோஸ்னா தலையில் கைவைத்தாள். பிறகு அவளே சிரித்துவிட்டாள்.

ஞானபாய் கணவரின் பக்கம் திரும்பினாள்.

“மொதல்ல தொடங்கினது நீங்கதானே? சபை ஆமென் பறஞ்சாச்சு. இனி பியானோவப் பூட்டண்டாம்.”

சுவாமிதாசுக்கு முகம் சிவந்துபோயிற்று.

“நான் ஒண்ணும் நெனச்சுச் சொல்லல்ல. அது... வாயில தன்னால வந்ததாக்கும்.”

வேதமணி மரத்துப்போன கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து உருவினான்.

“எனக்கும் அதுதான் சாரே கேடு, இத்தன வருஷமா!”