பனிச்சாலைக்கு ஒரே ஓர் இடம்

பனியைக் கண்ணால் காணாமலே பனிச்சாலைக்குக் காவல் இருப்பதுதான் என் தொழில். வடக்கே ஒரு குளிர்நாட்டின் நெடுஞ்சாலையோரக் கருவிகள் சாலையின் வெப்பநிலையை அனுப்பும். எந்தக் கருவி தப்பாகக் காட்டுகிறது என்று மட்டாஞ்சேரிக் கிடங்கு மாடியில் இருந்து நாங்கள் கண்டுபிடிப்போம். அதை நம்பித்தான் அங்கே உப்புத் தூவும் வண்டி கிளம்பும். புதிய கருவிகளைப் பொருத்த எங்களில் ஒருவரை அங்கே அனுப்புவதாக இருந்தது. நானா, திருப்பூணித்துறை அனூப்பா? பக்கத்து நாற்காலிக்காரனால் தூக்கம் கெட்டவர்களுக்கு என் நிலைமை புரியும்.

பறந்த தாள்

அந்த நாட்டுப் பொறியாளரோடு அனூப் சிரித்துச் சிரித்து இங்கிலீஷ் பேசுவான். நான் பேச வேண்டியதை முன்கூட்டியே தாளில் எழுதி வைத்துப் படிப்பேன். ஒருநாள் மின்விசிறிக் காற்றில் தாள் பறந்தது. நான் மேஜைக்கு அடியில் தேடிக்கொண்டிருந்தபோது போனில் அவர் குரல் கேட்டது: “லைன் கட்டாகிவிட்டதா? அனூப் இருந்தால் பேசச் சொல்லுங்கள்.”

அம்மாவின் முடிவு

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். முடிவு வருமுன்பே அம்மா யாரிடமோ கம்பளிச் சட்டை இரவல் வாங்கி வந்துவிட்டாள். “இன்னும் சொல்லலையேம்மா” என்றேன். “நீதான் போறேன்னு நம்ம தெரு, கொச்சங்காடி முழுக்கச் சொல்லியாச்சு. இனி போகாம இருக்க முடியாது, மோனே.”

மீன்கடை ஐஸ்

புதிய கருவியை அந்த நாட்டுக்கு அனுப்புமுன் உருகும் ஐஸில் வைத்துப் பார்ப்போம். பூஜ்யம் காட்ட வேண்டும். அன்று ஆபீஸ் ஃப்ரிட்ஜ் பழுது. மீன்கடையில் ஐஸ் வாங்கினேன். அனூப் தயார் செய்திருந்த கருவி மைனஸ் மூன்று காட்டியது. வெட்கத்தோடு சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷம். ‘அனூப்பின் கருவியில் பிழை’ என்று மேலாளர் ஷாஜி சாருக்கு உடனே எழுதி அனுப்பினேன்.

பிறகுதான் சந்தேகம் வந்தது. ஒரு துண்டை நாக்கில் வைத்தேன், கரித்தது. குளிர் இன்னும் ஏறட்டும் என்று மீன்காரர் உப்புப் போட்டிருந்தார். உப்புப் போட்டால் ஐஸ் பூஜ்யத்துக்கும் கீழே போகும். டீக்கடை ஐஸில் வைத்தேன், சரியாகப் பூஜ்யம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனாலும் ஒரு மணி நேரம் கழித்து, ‘தவறு என்னுடையது’ என்று எழுதினேன். ஷாஜி சார் கூப்பிட்டார். “சத்தியம் சொன்னே, நல்லது. ஆனா எடா, உப்பும் ஐஸும் சேர்ந்தா என்ன ஆகும்னு மறந்துபோற ஆளை உப்புத் தூவுற ரோட்டுக்கு நான் எப்படி அனுப்புவேன்?”

அனூப் போய்விட்டான், அவன் பொருத்திய கருவிகளில் ஒன்றாவது தப்புக் காட்டாதா என்று காலை முழுக்க நான் கண்கொட்டாமல் பார்ப்பதால், இந்த ஆபீஸில் என்னைப் போலப் பொறுப்பான ஆள் இல்லை என்று இப்போது பேர் வாங்கியிருக்கிறேன்.