காப்பு கட்டிக்கொள்ளாத தலைவர்

இன்ஸ்பெக்டர் பூட்சைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குள் வந்தார். எழுபதுகளின் தொடக்கம், தீமிதிக்குச் சில நாட்களே இருந்தன. தேயிலை நிறுக்கும்போது வந்த தகராறில் என் மாமா, கணக்கெழுதும் கிராணியை அறைந்துவிட்டார். அவரைப் பிடித்துப்போக மலையடியில் ரிங்லெட் ஸ்டேஷனிலிருந்து போலீஸ் வண்டி வந்திருந்தது. மாமாவின் மணிக்கட்டிலோ மஞ்சள் கயிறு. காப்பு கட்டியவர்கள் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும்வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. எனக்கு அதிலெல்லாம் பெரிய நம்பிக்கை இல்லை. ஆனால் தெய்வக்குத்தம் ஆகிவிடும் என்று அன்று அத்தை கையெடுத்துக் கும்பிட்டது நன்றாக நினைவிருக்கிறது.

இன்ஸ்பெக்டரும் பக்கத்து மாநிலமான பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்த தமிழர்தான். கயிற்றைப் பார்த்தார். "காப்பு அவுத்ததும் நீயே ஸ்டேஷனுக்கு வந்துடு. வரலன்னா என் வேலை போயிடும்லா" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். தீமிதி முடிந்த மறுநாள் காலையில் மாமா தாமாகவே போய் நின்றார்.

இந்தச் சேதி மலைமேல் கியா பார்ம் வரை பரவியது. மேலதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை, அவரை வேறு ஊருக்குத் தூக்கியடித்தார்கள். வேலையை விட்டுவிட்டுக் கட்சியில் சேர்ந்தார், எங்கள் தொகுதியிலேயே நின்று ஜெயித்தார். எண்பதுகளில் மாநில ஆட்சிக்குழுவில் அவர் பெரிய புள்ளி. கெட்டிக்கார நிர்வாகி என்று சொல்லமாட்டேன். நாங்கள் கேட்ட தண்ணீர்க்குழாய் அடுத்த தேர்தலுக்குத்தான் வந்தது. சனங்கள் ஓட்டுப் போட்டதெல்லாம் அந்த மஞ்சள் கயிற்றுக்காகத்தான்.

அவர் மூன்றாவது முறை நின்றபோது தேர்தலும் திருவிழாவும் சேர்ந்து வந்தன. காப்பு கட்டும் நாளில் வந்தவரிடம் பூசாரி கயிற்றோடு தட்டை நீட்டினார். படம் பிடிக்க ஒருவர் தயாராக நின்றார். அவர் கையை இழுத்துக்கொண்டார்.

"வேணாம் பூசாரி. சாயங்காலம் எல்லை தாண்டி கம்போங் ராஜால கூட்டம் இருக்கு."

"பெரிய மனுசங்களுக்கு அம்மன் ஒண்ணும் சொல்லமாட்டா. சும்மா கட்டிக்குங்க."

அவர் தலையை ஆட்டி மறுத்துவிட்டார். பதவி வந்ததும் அம்மன் கயிறு கசக்கிறது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சு. அன்று மதியமே வந்த எதிர் வேட்பாளர் சிரித்தபடி கையை நீட்டிக் கட்டிக்கொண்டார். கட்டிய கையோடு எல்லை தாண்டி அடுத்த கூட்டத்துக்குப் போனார். அவரே ஜெயித்தார். எனக்கு எங்கள் சனங்கள்மேல் ஆத்திரமாக வந்தது. நாலு வார்த்தை விளக்கிச் சொல்லாத இவர்மேலும்தான். இன்றைக்கு வருகிற தலைவர்கள் யாரும் கட்ட மறுப்பதில்லை, கட்டிய கயிற்றோடு எல்லை தாண்டாமல் இருப்பதுமில்லை.

தோற்ற மறுவருடம், காப்பு கட்டும் நாளில், அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். கூட ஒருவரும் இல்லை. மாற்றுத்துணிப் பையை மாமா வீட்டு வாசலில் வைத்துவிட்டு மாமாவிடம் கையை நீட்டினார்.

"இப்ப எனக்குப் போக வேண்டிய எடம் ஒண்ணுமில்ல. கட்டச் சொல்லுங்க."

மாமா பூசாரியைக் கூப்பிடவில்லை. தாமே கட்டினார்.