அம்மா வேஷம் கட்டிய தலைமையாசிரியர்

அந்தப் பள்ளியின் தலைமையாசிரியருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் 'நூறு சார்'. பொதுத்தேர்வில் வருடம் தவறாமல் நூறு சதவீதத் தேர்ச்சி. ஏதோ மந்திரம் வைத்திருக்கிறார் என்று மற்ற பள்ளிக்காரர்கள் வயிறெரிந்தார்கள். மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. தேர்வுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போதே, தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு, கையில் டி.சி.யைத் திணித்து, வேறு பள்ளி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார். குப்பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வீடு பளபளக்கிறது என்று சொல்லிக்கொள்கிற கெட்டிக்காரத்தனம்தான். வருடத்தின் நடுவில் எந்தப் பள்ளியும் அந்தப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளாது என்பதும் அவருக்குத் தெரியும்.

ஆள் அப்படியொன்றும் கொடூரமானவர் இல்லை. யாரையும் அதட்டிப் பேசமாட்டார், கை நீட்டிக் காசு வாங்கமாட்டார். கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த புதிதில், பின்தங்கிய பிள்ளைகளைப் பள்ளி விட்டபிறகும் உட்காரவைத்து, தொண்டை கட்டும்வரை சொல்லிக்கொடுத்தவர்தான். தலைமையாசிரியரான பிறகு முதல் நூறு வந்தது. பேப்பரில் போட்டோ வந்தது. அதோடு அந்தப் பழைய மனுஷன் போய்ச் சேர்ந்தான். இப்போது வாசலில் பேனர் கட்டுகிற நாளில் மட்டும் வாயெல்லாம் பல்லாக நிற்பார்.

இந்த வருடம் கழற்றிவிட வேண்டியது ஒரே ஒரு பெண். தையற்கடை அம்மாவின் மகள். எல்லாப் பாடத்திலும் தட்டுத்தடுமாறி வந்துவிடுவாள், கணக்கில் மட்டும் காலை வாரிவிடுவாள். தேர்வு எழுதுவோரின் பெயர்களைத் தேர்வுத்துறைக்கு அனுப்பக் கடைசி நாள் நெருங்கிவிட்டது. அதற்குள் அவள் பெயர் போனால் எழுதலாம், போகாவிட்டால் அவ்வளவுதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் தலைமையாசிரியர்களுக்கு இரண்டு நாள் அறநெறிப் பயிற்சி வந்தது. பயிற்சியின் இரண்டாம் நாள்தான் பெயர் அனுப்பக் கடைசி நாள். ஓட்டல் மாடியில் குளுகுளு அரங்கம், ஆளுக்கொரு பை, பேனா, தண்ணீர் பாட்டில். அறம் என்றால் என்ன என்று பயிற்சியாளர் அம்மா மைக்கில் கேட்டார். நேர்மை, பொறுப்பு, கருணை என்று வாய் கிழிய ஒப்பித்தார்கள். பின்வரிசையில் ஒருவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். அவர் ஒருவர்தான் அன்றைக்குப் பொய் சொல்லாதவர்.

பிறகு நடித்துக் காட்டச் சொன்னார்கள். மெல்லக் கற்கும் மாணவியைத் தேர்வுக்கு முன் வெளியேற்றும் ஒரு தலைமையாசிரியர், கெஞ்ச வந்த அம்மா. அரங்கில் முக்கால்வாசிப் பேர் வருடாவருடம் செய்கிற காரியம்! முகங்களைப் பார்க்க வேண்டுமே, இப்படியும் உலகத்தில் நடக்குமா என்பதுபோல் உச்சுக் கொட்டினார்கள்.

அம்மாவாக நடிக்க யாரும் எழவில்லை. நூறு சார் எழுந்தார். பக்கத்து நாற்காலி டீச்சரின் துப்பட்டாவை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

"சார், ஒரே ஒரு தடவை மன்னிச்சு விட்ருங்க சார். அப்பா இல்லாத புள்ள சார். இனிமே தூங்காமப் படிப்பா. இப்பப் படிப்பு நின்னுச்சுன்னா நாளைக்கே வேலைக்கு அனுப்புன்னு சொந்தக்காரங்க வந்து நிப்பாங்க சார்!"

குரல் உடைந்தது. கண்ணில் நிஜமான தண்ணீர். எல்லாம் அவர் மேசைக்கு எதிரே நின்று அழுத அம்மாக்களின் வார்த்தைகள். கேட்டுக் கேட்டு மனப்பாடமாகியிருந்தது. பயிற்சியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். கைதட்டல் நிற்கவில்லை.

தேநீர் இடைவேளையில் பள்ளி கிளார்க் கூப்பிட்டார். "சார், அந்தத் தையற்கடை அம்மா வந்திருக்காங்க. டி.சி. ரெடி, உங்க கையெழுத்துதான் பாக்கி. உங்களைப் பாக்காமப் போகமாட்டாங்களாம்."

"வர்றேன், உக்கார வைங்க."

சாயங்காலம் அவர் தன் அறைக்குள் நுழைந்தபோது அந்த அம்மா மடியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தாள். மகள் சுவரோரமாக நின்றாள். நூறு சார் அழுகைக்காகக் காத்திருந்தார். அது வரவில்லை.

"எம் பொண்ணு பேரை அனுப்புவீங்களா, மாட்டீங்களா சார்?"

"இவளோட நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். கணக்கு சுத்தமா வரலையே."

"நீங்க கணக்கு வாத்தியார்தானே சார்?"

சொல்லிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேனாவைத் தேடுகிற சாக்கில் இழுப்பறைக்குள் தலையை விட்டுக்கொண்டார். என்ன திமிர், என்று நினைத்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை, ஒரு கும்பிடு இல்லை. மத்தியானம் அரங்கில் தான் அழுத அழுகைக்கு இவள் கால்தூசி பெறமாட்டாள். முறையாகக் கேட்டிருந்தால் யோசித்திருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். அந்த அம்மா தாளை மடித்துப் பைக்குள் வைத்து, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போனாள்.

மறுநாள் பயிற்சிக்குக் கல்வி அதிகாரி வந்தார். அவருக்காக நாடகத்தை இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். இந்தமுறை நூறு சார் அழவில்லை. மடியில் பையை வைத்து உட்கார்ந்தார். தலைமையாசிரியராக நடித்தவர் கணக்கு வரவில்லை என்றதும், தலையை நிமிர்த்தி, நிதானமாகக் கேட்டார்.

"நீங்க கணக்கு வாத்தியார்தானே சார்?"

தூங்கிக்கொண்டிருந்தவர்கூட விழித்துவிட்டார். அதிகாரி மேடைக்கே வந்து தோளில் தட்டி, அடுத்த மாதத்திலிருந்து இந்தப் பயிற்சியை நீங்களே நடத்துங்கள் என்றார். அதே நேரம் தையற்கடையில் அந்தப் பெண் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் வைக்கப் பழகிக்கொண்டிருந்தாள். பெயர் அனுப்பும் நேரம் முடிந்திருந்தது.

"அந்தக் கடைசிக் கேள்வி இருக்கே, குத்திருச்சு சார்! எங்கேர்ந்து புடிச்சீங்க?" என்று கேட்டார் அதிகாரி.

நூறு சார் அடக்கமாகச் சிரித்தார்.

"எங்கேர்ந்தும் இல்ல சார். மனசுலேர்ந்து தானா வருது."