கடல் குழுவுக்கு வந்த உளவாளி

எங்கள் கடல் பாதுகாப்புக் குழுவைக் கவிழ்க்க எந்த முதலாளியும் சிரமப்படவில்லை. நானே இலவசமாகக் கவிழ்த்துக் கொடுத்தேன். அலமாரி நிறையத் துப்பறியும் நாவல் வைத்திருப்பவனிடம் கடலை ஒப்படைத்தால் வேறென்ன நடக்கும்?

எண்பதுகளின் தொடக்கம். உப்பளம் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அம்மாள் ஒருநாள் கூடையை இறக்காமலே நின்றார். ஓர் ஆலை கடலில் கழிவு விடுகிறதாம். மீனில் மருந்து வாடை. பெரிய மார்க்கெட்டில் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்களாம்.

"ஒரு மனு எழுதிக் குடு சார். இப்டியே போனா கூடையக் கவுத்துட்டு வூட்ல குந்த வேண்டியதுதான்."

மனு எழுதியிருந்தால் போதும். நான் ஏழு மீனவ ஊர்களை இணைத்துக் கடல் பாதுகாப்புக் குழு அமைக்கக் கிளம்பினேன். சைக்கிளில் போன இடமெல்லாம் ஒரே பதில்: "ஊர்ல பேசிட்டுச் சொல்றோம்." ஒருவர்கூடக் கையெழுத்துப் போடவில்லை. ஊர்ப் பஞ்சாயத்து கூடிப் பேசாமல் அங்கே தனியாள் பேனாவைத் தொடமாட்டார் என்று எனக்குத் தெரியாது. ஆலைக்காரன் முந்திக்கொண்டான் என்றே நினைத்தேன்.

அப்போதுதான் அவர் வந்தார். வாராவாரம் என் வீட்டில் நடந்த கூட்டத்துக்குக் குடையோடு வந்து, எதிரே இருந்த பஸ் நிறுத்தம் தெரிய வாசலோரம் உட்காருவார். எந்த ஊர் என்றால், "வடக்கால." நான் ஆவேசமாகப் பேசும்போது வெளியே பார்ப்பார், கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், சின்ன நோட்டில் எழுதுவார். டீ வேண்டாம் என்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன்காரர். அவருக்கு எந்த ஐயாவும் 'முசே'தான். காதருகே வந்து சொன்னார்: "முசே, சைகோன் சண்டைல நான் பாக்காத உளவாளியா? ஓசி டீய வேணாங்கறவன மட்டும் நம்பாத."

நான் எழுதிய கடிதத்தைப் பார்த்து, ஏழு ஊராரையும் நேரில் கேட்க ஓர் அரசு அதிகாரி ஞாயிறு காலை என் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டார். மீன்கார அம்மாள், "ஊரோட வந்துடறேன் சார்" என்றார். குடைக்காரர் என்றைக்கு என்று கேட்டார். "திங்கட்கிழமை" என்றேன், கண் சிமிட்டாமல்.

ஞாயிறு வந்தது. வாடகை நாற்காலி முப்பது. அதிகாரி, பென்ஷன்காரர், நான். "ஏழு ஊருன்னு எழுதியிருந்தீங்களே?" என்றார் அதிகாரி, டீ குடித்தார், போய்விட்டார். "ஆலைக்காரன் எல்லாரையும் வாங்கிட்டான் பாத்தீங்களா!" என்று பென்ஷன்காரரிடம் வெற்றியோடு சொன்னேன்.

திங்கள் மதியம் சாப்பிட வந்தால் தெரு நிறைய ஜனம். ஏழு ஊர்ப் பெரியவர்களும், மீன்கார அம்மாளும். நிறம் மாறிய கடல்தண்ணீர் ஒரு குடத்தில். முன்னால் குடைக்காரர்.

"ஆபீசர் எங்க சார்?"

நாற்காலிகள்கூட அதற்குள் கடைக்குத் திரும்பியிருந்தன.

அந்த அதிகாரி மறுபடி வரப் பல மாதம் ஆயிற்று. அதுவரை அந்த அம்மாள் வெளியூர்க் கருவாடு வாங்கி விற்றார். கருவாட்டுக் கூடையோடு வந்த ஒருநாள்தான் விஷயத்தைச் சொன்னார்: நான் ஆலைக்காரன் ஆளா என்று பார்த்துவர ஏழு ஊரும் சேர்ந்து அனுப்பியவர்தான் குடைக்காரர். அவர் சரி என்ற பிறகே, நான் கிழமையை மாற்றிவிட்டேன் என்று நம்பி, எல்லாரும் திங்களன்று கிளம்பினார்களாம்.

"அப்போ நான் பேசினதையெல்லாம் ஊருக்காகத்தான் எழுதிக்கிட்டாரா?" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"நீ பேசனத எவன் சார் எழுதுவான்? ஏழு ஊரு ஜனம் வந்து போவ வேணாமா? பஸ் டைம் எழுதிக்கினு இருந்தாரு."