டைம் கீப்பர் தள்ளிவைத்த பிறந்தநாள்

1959 கார்த்திகையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் ஒரு பேச்சு கிளம்பியது. டைம் கீப்பர் பவுல்ராஜ் இந்த வருஷம் கிறிஸ்துமஸ் கொண்டாடப் போவதில்லையாம். வேதத்தைக் கரைத்துக் குடித்ததால் வந்த ஞானம் இல்லையாம் அது. பிள்ளைக்குப் பாவாடைத் துணி எடுக்க வக்கில்லை, அதை மூடி மறைக்கத்தான் மனுஷன் இயேசுநாதர் பிறந்த தேதியில் தகராறு பண்ணுகிறாராம்.

பஸ் ஸ்டாண்டில் கிளம்பும் பேச்சை அப்படியே விழுங்கிவிட முடியாது. கொடைக்கானல் மலைமேல் ரயில் விடப்போகிறார்கள் என்று சொன்னதும் அதே வாய்கள்தான். ஆகவே டிரைவர், கண்டக்டர், சபை ஐயர், பக்கத்து வீடு என்று ஒவ்வொருவராக விசாரிக்க வேண்டியதாயிற்று. விசாரணை எங்கே சுற்றினாலும் கடைசியில் பவுல்ராஜின் இடது மணிக்கட்டில்தான் வந்து நின்றது.

அந்த மணிக்கட்டில் ஒரு கடிகாரம் உண்டு. பவுல்ராஜ் வேலை பார்த்தது ஒரு தனியார் பஸ் கம்பெனியில். எந்த வண்டி எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று நோட்டில் எழுதி, விசில் கொடுத்து அனுப்புவது உத்தியோகம். விசில் ஊதாமல் எந்த டிரைவரும் கியரைத் தொட முடியாது. கலியாணத்துக்குப் போகிறவன் காலில் விழுந்தாலும் வண்டி அரை நிமிஷம் முந்தாது, பிந்தாது. மகள் ரூபி பிறந்தபோதுகூட, ஆணா பெண்ணா என்று கேட்குமுன் மணி என்ன என்று கேட்டவர் அவர். நாலு பதினேழு.

அப்பேர்ப்பட்ட கடிகாரம் அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை வாரிவிட்டது. நிலக்கோட்டையிலிருந்து பூக்கூடைகளை ஏற்றிக்கொண்டு திருச்சிக்குப் போகிற வண்டி. பவுல்ராஜ் வழக்கம்போல மணிக்கட்டைப் பார்த்து, இன்னும் நேரமாகவில்லை என்று கையைக் காட்டி நிறுத்தினார். டிரைவர் நல்லுசாமி, டீக்கடைக் கடிகாரத்தைக் காட்டி இரண்டு தரம் சொல்லிப் பார்த்தார். டீக்கடைக் கடிகாரத்தை நம்பினால் டீதான் குடிக்கலாம் என்றார் பவுல்ராஜ். கடைசியில் தப்பாக ஓடியது அவர் கடிகாரம். இருபது நிமிஷம் தாமதம். திருச்சியில் மெட்ராஸ் ரயில் போய்விட்டது. பூவெல்லாம் பிளாட்பாரத்திலேயே வாடியது. கம்பெனி அவரை இரண்டு மாசம் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தது.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கடிகாரம் நிற்காத மனுஷன் யார்? ஆனால் பவுல்ராஜ் வீட்டில் சொல்லவில்லை. மறுநாள் காலையிலும் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். மத்தியானச் சோற்றைத் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டின் கடைசிப் பெஞ்சில், தன் நாற்காலியில் இன்னொருத்தன் உட்கார்ந்து விசில் ஊதுவதைப் பார்த்துக்கொண்டு சாயங்காலம்வரை இருந்தார். வீட்டுச் செலவுக்கு சைக்கிளை விற்றார். மனைவி ஞானப்பூ கேட்டதற்கு, ரிப்பேருக்கு விட்டிருக்கிறது என்றார். ஊருக்கே தெரிந்த சங்கதி அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் தெரியாமல் போயிற்று.

அந்தப் பெஞ்சில்தான் அவருக்கு வெளிச்சம் கிடைத்தது. யாரோ பயணி விட்டுப்போன நாலு பக்கத் துண்டுப் பிரசுரம். டிசம்பர் இருபத்தைந்து என்று வேதத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டிருந்தது முதல் பக்கம். எங்கும் இல்லைதான். மேய்ப்பர்கள் ராத்திரியில் வயல்வெளியில் மந்தையைக் காத்துக்கொண்டிருந்தார்கள் என்று சுவிசேஷத்தில் லூக்கா எழுதுகிறாரே, குளிர்கால மழையில் எந்த மேய்ப்பன் வெளியில் படுப்பான், ஆகவே பிறந்தது புரட்டாசி ஐப்பசிப் பக்கமாக இருக்க வேண்டும் என்றது இரண்டாம் பக்கம். அது ரோமாபுரியில் சூரியனைக் கும்பிட்டவர்களின் திருநாள், சபைக்குள் பின்னால் நுழைந்தது என்றது மூன்றாம் பக்கம். நாலாம் பக்கத்தில் அச்சாபீஸ் விலாசம்.

பவுல்ராஜ் அதை மூன்று தரம் படித்தார். தன் கடிகாரம் இருபது நிமிஷம் தப்பு என்று பெண்டாட்டியிடம் சொல்லத் தைரியமில்லாத மனுஷனுக்கு, உலகத்துச் சபைகளின் கடிகாரமெல்லாம் மூன்று மாசம் தப்பு என்று சொல்லத் தைரியம் வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்தார். புதுத்துணி கிடையாது, முறுக்கு அதிரசம் கிடையாது, வாசலில் நட்சத்திர விளக்கு கிடையாது. ஞானப்பூ காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாளாம். எட்டு வயது ரூபி மட்டும், அப்படியென்றால் ஐப்பசியில் பாவாடை எடுத்திருக்க வேண்டுமே, ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். லூக்காவில் அதற்குப் பதில் இல்லை.

சபையில் பிரசங்கம் செய்கிற ஐயர் வந்தார். தேதி யாருக்கும் தெரியாது என்று வந்தவுடனே ஒப்புக்கொண்டுவிட்டார், அதனால் சண்டை சூடு பிடிக்கவில்லை. உங்கள் பிறந்த தேதி என்ன என்று மட்டும் கேட்டார். 1916 ஜூன் ஒன்று என்றார் பவுல்ராஜ். அதை எழுதியது யார் என்று ஐயர் கேட்க, பள்ளிக்கூடத்தில் சேர்த்த ஹெட்மாஸ்டர் என்று சொல்ல வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் முப்பத்திரண்டு பேருக்கும் ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். “அந்தத் தேதியை வச்சுத்தானே கம்பெனியில சம்பளம் வாங்குறீங்க” என்று சொல்லிவிட்டு ஐயர் காபியைக் குடித்தார். சம்பளம் என்ற வார்த்தை கேட்டதும் பவுல்ராஜ் பேச்சை மாற்றியதை ஐயர் கவனித்தார். கவனித்ததை வெளியே சொல்லவில்லை, ஐயர்மார்களுக்கு அது பழக்கம்.

ஆனால் பஸ் ஸ்டாண்டில் பிரசங்கம் நிற்கவில்லை. டிசம்பர் நடுவில், கன்னிவாடி வண்டிக்காகக் காத்திருந்த சடையாண்டியைப் பிடித்தார் பவுல்ராஜ். சடையாண்டி அந்தப் பக்கத்து வயல்களில் ஆட்டுக்கிடை போடுகிறவர். ராத்திரி மந்தையை வயலில் அடைத்துவைப்பார், புழுக்கை உரமாகும், வயல்காரன் நெல்லளப்பான். மேய்ப்பன் வாயாலேயே சாட்சி சொல்லவைத்துவிடலாம் என்பது பவுல்ராஜின் கணக்கு. நாலு கண்டக்டர்களைக் கூட்டிவைத்துக்கொண்டு, மார்கழிக் குளிரில் யாராவது ஆட்டோடு வயலில் படுப்பார்களா என்று கேட்டார்.

“படுக்காம?” என்றார் சடையாண்டி. “ஆட்டுக்கு மாசமா தெரியும் அப்பு? வயக்காரன் கூப்பிட்டா கெடை. கம்பளியப் போத்திக்கிட்டு நேத்துக்கூட அங்கனதான் கெடந்தேன்.”

பவுல்ராஜ், இது கன்னிவாடி, அது பெத்லகேம், அங்கே குளிர் வேறு மழை வேறு என்று விளக்க வேண்டியதாயிற்று. சடையாண்டி பொறுமையாகக் கேட்டார்.

“பிள்ள பொறந்த நாளு பெத்தவளுக்குத்தான் தெரியும். அந்தம்மா ஒண்ணும் சொல்லலையா?”

சொல்லவில்லை என்றார் பவுல்ராஜ்.

“அவுகளே விட்டுட்டாக. உனக்கென்ன அப்பு அம்புட்டு அவசரம்? உன் வேலையப் பாரு.”

வேலை என்றதும் நாலு கண்டக்டர்களும் நாலு திசையைப் பார்த்தார்கள். ஒருத்தனுக்கு மட்டும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பவுல்ராஜ் தன் பெஞ்சுக்குப் போனார். காது மடல் இரண்டும் சுட்டது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டிருக்கிறார். அன்றைக்காவது வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. துண்டுப் பிரசுரத்தை நாலாவது தரம் படித்தார்.

இருபத்தைந்தாம் தேதி காலை வந்தது. கோயில் மணி அடித்தது. அவர் வீட்டில் பழைய சோறு.

அடுத்த வீடு அப்துல் லத்தீப்பினுடையது. தோல் வியாபாரம். இரண்டு வீட்டுக்கும் எட்டு வருஷத்துப் பழக்கம். அவர்கள் பெருநாளுக்கு இங்கே தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து முறுக்கும் அதிரசமும் அங்கே போகும். ஒரு வீட்டுத் தட்டு இன்னொரு வீட்டிலிருந்து வெறுமையாகத் திரும்பியதில்லை. அன்று முறை மாறிப்போயிற்று. லத்தீப்பின் மனைவி ஜெய்தூன் பீவி, வெண்கலத் தட்டு நிறைய நெய்ச்சோறும் தால்ச்சாவும் எடுத்து, மேலே துணி போட்டு மூடிக்கொண்டு பவுல்ராஜ் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

“பிள்ளைக்குக் குடுங்கண்ணே. உங்களுக்கு இன்னைக்குப் பெருநாளாச்சே.”

“எங்களுக்குப் பெருநாள் இல்லைம்மா. அவர் இன்னைக்குப் பிறக்கல.”

“அதுனால என்னண்ணே. எங்க பெருநாளுந்தான் பிறையப் பாத்து வருஷா வருஷம் நகந்துக்கிட்டே போகுது. சோறு ஆறிடும், வாங்குங்க.”

ரூபி கதவோரம் வந்து நின்று தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைக் கண்டதும் பவுல்ராஜ், வாங்கினால் தோற்றுவிடுவோம் என்று நினைத்தார். மூன்றாம் பக்கம் வாய்க்கு வந்தது.

“சூரியனைக் கும்பிட்டவன் திருநாளுக்கு ஆக்குன சோறு எங்க வீட்டுக்குள்ள வராது.”

தன் ஐந்து வேளைத் தொழுகையில் ஒன்றைத் தவறவிடாத பெண்பிள்ளையிடம், எட்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்ட மனுஷன் சொன்ன வார்த்தை இது. ஜெய்தூன் பீவி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பவுல்ராஜுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ரெண்டு மாசமாச் சம்பளமில்லாம நீங்க படுற பாட்ட வீட்டுக்காரர் சொன்னார்ண்ணே. அதான் நம்ம அடுப்புலயே ஆக்கிருவோம்னு…”

முற்றம் பெருக்கும் வாரியல் சத்தம் நின்றது.

“எந்த ரெண்டு மாசம்?” என்றாள் ஞானப்பூ.

பவுல்ராஜ் மணிக்கட்டைப் பார்த்தார். ஏழு நாற்பது. ஜெய்தூன் பீவிக்கு, தான் உடைத்தது என்னவென்று அப்போதுதான் விளங்கியது. ஞானப்பூ புருஷனைத் தாண்டி வந்து தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ரூபியை உட்காரவைத்துப் பரிமாறினாள். ரூபி இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். பிறகு ஞானப்பூ பிள்ளைக்குப் பழைய பாவாடையைத் துவைத்தது துவைத்தபடி கட்டிவிட்டு, கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள்.

பவுல்ராஜ் தனியாக உட்கார்ந்து அந்தத் தட்டைச் சாம்பல் போட்டுத் துலக்கினார். விளிம்பில் ‘ஜெ.பீ.’ என்று பெயர் வெட்டியிருந்தது. துலக்கித் துலக்கி, அது பளிச்சென்று தெரிய ஆரம்பித்தது.

ஞானப்பூ அதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

“சம்பளம் இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருக்கலாம். பழைய பாவாடையோட ஒரு வருஷம் போயிருப்போம். அதுக்காக அவரைப் பிறக்கவிடாமப் பண்ணணுமா?”

ஆக, பஸ் ஸ்டாண்டுப் பேச்சு உண்மைதான். எழுதவே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் துண்டுப் பிரசுரத்திலும் முழுப் பொய் இல்லை. தேதி யாருக்கும் தெரியாது, கொண்டாடச் சொல்லி வேதத்தில் கட்டளையும் இல்லை. அதை மனசார நம்பி, சம்பளம் வாங்குகிற மாசத்திலும் கொண்டாடாமல் இருக்கிற யோக்கியர்கள் உண்டு, அவர்களுக்கு ஒரு கும்பிடு. பவுல்ராஜ் அந்த ரகமில்லை. நிஜத்தை எடுத்துப் பொய்க்குப் போர்வையாகப் போர்த்தியவர். நம்மில் பலருக்கு அந்தப் போர்வையின் கதகதப்பு தெரியும், அதனால் ரொம்பவும் சிரிக்க வேண்டாம்.

ஜனவரியில் வேலை திரும்பக் கிடைத்தது. ஞானப்பூ முறுக்கு சுட்டாள், அதிரசம் தட்டினாள், வெண்கலத் தட்டை நிரப்பினாள். கொண்டுபோக மட்டும் மறுத்துவிட்டாள். வார்த்தை சொன்ன வாய்தான் தட்டையும் கொண்டுபோக வேண்டும் என்றாள். பவுல்ராஜ் நாளைக்கு என்றார். ஞாயிற்றுக்கிழமை என்றார். பலகாரம் நமுத்துப்போய், வீட்டிலேயே தின்று தீர்த்தார்கள். மறுபடி சுட்டாள், மறுபடி நமுத்தது. அடுத்த வீட்டு வாசலைக் கடக்கும்போது மட்டும் அவர் மணி பார்த்துக்கொண்டே நடந்தார்.

மாசியில், ரம்ஜான் நோன்பு பிறப்பதற்கு முந்தின வாரம், லத்தீப் குடும்பம் வாணியம்பாடிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அண்ணனோடு சேர்ந்து தோல் வியாபாரம். பவுல்ராஜுக்கு முந்தின நாளே தெரியும். தட்டை நிரப்பி வைத்திருக்கிறேன், கையோடு கொண்டுபோங்கள் என்று விடியற்காலையிலேயே சொன்னாள் ஞானப்பூ. பிறகு வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு டியூட்டிக்கு வந்துவிட்டார்.

ஆறு இருபது கரூர் வண்டியில் மூட்டை முடிச்சோடு ஏறினார்கள். நல்லுசாமிதான் டிரைவர். லத்தீப் கீழே இறங்கி வந்து பவுல்ராஜின் கையைப் பிடித்துச் சொல்லிக்கொண்டார். ஜெய்தூன் பீவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். ரூபியை நல்லாப் படிக்கவைக்கச் சொல்லுங்கள் என்று புருஷன் மூலமாகச் சொல்லியனுப்பினாள். மணி ஆறு பதினெட்டு. பஸ் ஸ்டாண்டுக்கும் வீட்டுக்கும் ஓட்டமாக ஓடினால் போகவர ஐந்து நிமிஷம். விசிலை ஊதாமல் வைத்திருக்க அந்த ஸ்டாண்டிலேயே அதிகாரம் உள்ள ஒரே மனுஷன் அவர். நோட்டைப் பிரித்தார், ஆறு இருபது என்று எழுதினார், ஊதினார். நல்லுசாமி கிளம்பாமல் ஒரு நொடி அவரைத் திரும்பிப் பார்த்தாராம். ஏன் பார்த்தார் என்று கேட்டால், சும்மா என்கிறார்.

அதற்குப் பிறகு பவுல்ராஜ் எந்த வருஷமும் தேதியைப் பற்றி வாய் திறக்கவில்லை. யாராவது சீண்டினால், எனக்குத் தெரியாதுப்பா என்பார். வடக்கே போகிற டிரைவர்களிடம் வாணியம்பாடியில் தோல் வியாபாரி அப்துல் லத்தீப்பை விசாரிக்கச் சொல்லுவார். நிலக்கோட்டையில் பூக்காரரைத் தேடுகிற மாதிரி என்று சிரிப்பார்கள். நாலைந்து அப்துல் லத்தீப்கள் கிடைத்தார்கள். ஒருத்தரும் அவரில்லை.

தட்டு மட்டும் கிறிஸ்துமஸ் தவறாமல் நிறைகிறது. 1967-இல் கிறிஸ்துமஸ் ரம்ஜான் நோன்பு மாசத்தில் வந்து விழுந்தது. எஸ்.எஸ்.எல்.சி. படிக்கிற ரூபி ஒரு அதிரசத்துக்குக் கை நீட்டியபோது, பொழுது சாயட்டும் என்று தடுத்துவிட்டார் பவுல்ராஜ். பள்ளிவாசலில் பாங்கு சொல்லும்வரை தட்டைத் துணி போட்டு மூடியே வைத்திருந்தார். பிறகு வாசலை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு எடுத்துக் கொடுத்தார். துலக்குகிற வேலை இன்னும் அவருடையதுதான். ‘ஜெ.பீ.’ தேயவில்லை. தட்டு ஞானப்பூவின் அலமாரியில், அடுத்த வீட்டுச் சுவரைப் பார்த்தபடி இருக்கிறது.