ஸ்டீபன் அம்மாவின் பெயர்

போன ஞாயிறு தாராவியில் எங்கள் வீட்டில் இருந்தவர்கள் – அம்மா, எதிர்வீட்டு ஸ்டீபன் அம்மா, நான். வராதவன் இம்ரான், என் கிளாஸ்மேட். டோம்பிவிலியில் லோக்கல் ரயில் ஓடவில்லையாம்.

அவன் வராதது அவ்வளவு பெரிய விஷயமா? ஆமாம். அவன்தான் எனக்கு நோயாளி!

எங்கள் நர்சிங் காலேஜில் பிராக்டிகல் பரீட்சையை மாற்றிவிட்டார்கள். முன்பு ஊசியை ஒழுங்காகப் போட்டால் போதும். இப்போது பேசவும் வேண்டும். முதலில் நம் பெயரைச் சொல்ல வேண்டும். அப்புறம் நோயாளியின் பெயரை அவர் வாயாலேயே சொல்லவைத்து, மணிக்கட்டுப் பட்டையில் எழுதியிருப்பதோடு ஒத்துப்பார்க்க வேண்டும். விட்டால் ஃபெயில்.

மாதிரிப் பரீட்சையில் நான் அங்கேதான் விழுந்தேன். ஊசி பிரமாதம்... பெயர் கேட்கவில்லை.

ஏன்? எங்கள் சந்தில் பெரியவர்களிடம் முகத்துக்கு நேரே பெயர் கேட்பார்களா, சொல்லுங்கள்! அத்தை, மாமா, இன்னார் அம்மா – அத்தோடு சரி. நோயாளியாக நடித்த பெண்மணியையும் 'மாவ்ஷி', அதாவது சித்தி, என்று மராத்தியில் மரியாதையாகக் கூப்பிட்டுவிட்டு, நேரே சிரிஞ்சை எடுத்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நிஜப் பரீட்சை. அதற்கு ஒத்திகை பார்க்கத்தான் இம்ரானை வரச் சொல்லியிருந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தவறினால் வேலை ஆறு மாதம் தள்ளிப்போகும். அதுவரை அப்பா மான்குர்த் குடோனில் மூட்டை தூக்க வேண்டும்.

"அந்தப் பய வராட்டா என்னல? நான் படுத்துக்கிடுதேன்" என்று ஸ்டீபன் அம்மா பாயில் மல்லாந்துவிட்டார்.

பட்டைக்கு ஒரு பெயர் வேண்டுமே... அவர் பெயர் எனக்குத் தெரியாது. கேட்கக் கூச்சம். காகிதத்தில் 'சரோஜா' என்று எழுதிக் கட்டினேன்.

"நீங்க சரோஜாதானே?"

"ஆமாய்யா."

அம்மா அடுப்படியிலிருந்து திரும்பினாள். "ஏட்டி, நீ எப்பம் சரோஜா ஆன?"

"ஆஸ்பத்திரில என்ன கேட்டாலும் ஆமான்னுரணும்க்கா. இல்லன்னா வேற கவுண்டருக்குப் போன்னு வெரட்டிருவான்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நிஜ வார்டாக இருந்தால்? சரோஜாவின் மருந்து இவர் உடம்புக்குள் போயிருக்கும்! மார்க்குக்காக வைத்த விதி என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்...

பட்டையைக் கிழித்துப் போட்டேன். "அத்தை, உங்க முழுப் பேரு சொல்லுங்க."

முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு மெதுவாக – "தங்கபுஷ்பம்."

"நல்ல பேருல்லா!" என்றாள் அம்மா.

"ஸ்டீபன் பொறந்த பொறவு ஒருத்தரும் கேக்கல்லியே."

"வயசு, அத்தை?"

"பேரு சொல்லியாச்சு. அதோட நிறுத்திக்கோ."

சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கச் செய்தி பரவிவிட்டது. "எம் பேரையும் கேளுல" என்று ஒவ்வொருவராக வந்து பாயில் படுத்தார்கள். பிள்ளைகளின் பெயருக்குப் பின்னால் இத்தனை நாள் ஒளிந்திருந்த அன்னபாக்கியம், முத்துலட்சுமி, ஜெய்னம்பு... ஒவ்வொருவர் முகத்திலும் அதே வெட்கம், அதே சிரிப்பு. "சும்மா படுக்க ஏலாது, ஆளுக்கொரு கட்டிங் சாய்" என்று அரை கிளாஸ் டீயைக் கூலியாக்கிச் சட்டம் போட்டவர் தங்கபுஷ்பம் அத்தைதான்.

செவ்வாய்க்கிழமை அதே மாவ்ஷி படுத்திருந்தார். "மாவ்ஷி, ஆப்கா பூரா நாம் பதாயியே" என்று இந்தியில் முழுப் பெயரைக் கேட்டேன். அவர் சொன்ன பெயர் ஒன்று. பட்டையில் இருந்தது வேறு! வேண்டுமென்றே மாற்றி வைத்திருக்கிறார்கள். டிரேயைக் கீழே வைத்தேன்.

"மேடம், பெயர் ஒத்துப்போகவில்லை. ஊசி போட மாட்டேன்."

தேர்வாளர் தலை நிமிராமல் டிக் அடித்தார்.

பாஸ்! ஊசி போட்டு ஃபெயிலான நான், போடாமல் பாஸாகியிருக்கிறேன்.

இதற்கு ஆன மொத்தச் செலவு நூற்று நாற்பது ரூபாய். எல்லாம் கட்டிங் சாய்... தங்கபுஷ்பம் அத்தைக்கு மட்டும் இரண்டு.